நாட்குறிப்பும் மனச்சாட்சியும்

மனிதன் தன் வாழ்நாளிற் பேசும் சொற்களுட் பெரும்பாலானவை பிறரை நோக்கியவை. பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் நண்பரிடத்தும் அவன் கேட்பவரின் முகக்குறிப்பை அறிந்தே பேசுகிறான். பாராட்டை விரும்பிச் சிலவற்றைக் கூட்டியும், பழிக்கு அஞ்சிச் சிலவற்றைக் குறைத்தும் உரைத்தல் மனித இயல்பு. இவ்வாறு நாள்தோறும் பிறர்பொருட்டே பேசிப் பழகியவன், கேட்பார் எவருமில்லாத தனிமையில் தன்னோடு தான் உண்மை பேச வல்லவனாவானா? நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தின் பயனை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.

நாட்குறிப்பின் பயன்களாகப் பொதுவாக எடுத்துரைக்கப்படுவன நினைவைப் பேணுதலும் மனச்சுமையைக் குறைத்தலுமாம். இவை மறுக்கத்தக்கன அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை, 1736 தொடக்கம் 1761 இல் இறக்கும் வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல்களின் வரவும், வணிகச் செய்திகளும், ஆளுநரோடு நிகழ்ந்த உரையாடல்களும், அக்காலப் பேச்சுவழக்கும் அவ்வேடுகளில் நிலைபெற்றன. அவர் எழுதாது விட்டிருப்பின் அவற்றுட் பல அவரோடு மறைந்திருக்கும்.

மனச்சுமை பற்றி நோக்குமிடத்து, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. அதிற் பங்குபற்றிய பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். தம் வாழ்வின் துயர நிகழ்ச்சியையும் அது எழுப்பிய உணர்ச்சியையும் ஒருசேர எழுதியோர், எழுதிய உடனே ஆறுதல் பெற்றாரல்லர், முன்னிலும் கலங்கினர். எனினும் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்தை நாடிய தடவைகள், சாதாரண விடயங்களை எழுதியோரிலும் குறைந்தே காணப்பட்டன. உண்மை முதலில் நோகச் செய்து பின்னரே ஆற்றுகிறது என்பதற்கு இது ஒரு சான்று எனலாம்.

ஆயினும் நாட்குறிப்பின் தலையாய பயன் இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது. அஃது ஒருவனை இருவராக்குகிறது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசராயிருந்த மாக்கஸ் ஒரேலியஸ், தமக்கெனக் கிரேக்க மொழியில் எழுதிய குறிப்புகளில் தம்மையே 'நீ' என விளித்துக் கடிந்துகொண்டார். பேரரசனைக் கண்டிக்க வேறெவர் துணிவர்? கண்டிப்பவனும் கண்டிக்கப்படுபவனும் ஒருவனேயாகும் அந்நிலையை அவருக்கு அளித்தது எழுத்தே. வாய்மையைப் பேசவந்த வள்ளுவரும் மனிதனின் நெஞ்சையே சாட்சியாகவும் நீதிபதியாகவும் நிறுத்தினார். ஆனால், நெஞ்சு நேர்மையான நீதிபதியாயினும் நினைவு நேர்மையான எழுதுவினைஞன் அன்று. அது தனக்குப் பாதகமானவற்றை நாளடைவில் அழித்துவிடும். ஏடோ எழுதியதை மாற்றுவதில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். ஏட்டிலும் மனிதன் பொய்யுரைக்கலாமன்றோ? எவர் கண்ணிலும் படாதென்று எழுதப்படும் குறிப்பிலும் மறைந்து நிற்கும் வாசகன் ஒருவன் உளன். ஆங்கிலக் கடற்படை அலுவலரான சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை தம் குறைகளையும் மறையாது சுருக்கெழுத்தில் எழுதினார். மறைவாக எழுதிய அவரே அவ்வேடுகளை அழகுறக் கட்டுவித்துத் தம் நூலகத்தோடு கேம்பிறிட்ஜிலுள்ள கல்லூரியொன்றைச் சேருமாறு விட்டுச்சென்றார். ஒல்லாந்தில் மறைந்து வாழ்ந்த சிறுமி ஆன் பிராங்க், மக்களின் நாட்குறிப்புகள் போரின் பின் சேகரிக்கப்படும் என்ற வானொலி உரையை 1944 இல் கேட்டபின், தம் குறிப்பைத் திருத்தி எழுதத் தொடங்கினார். இதனால் அவர் பொய்யரானாரல்லர். ஆனால், தனிமையின் எழுத்தும் பிறர் செவியை எதிர்பார்க்கக்கூடும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்துகின்றன.

தனக்குரைத்த உண்மையைப் பிறர்க்கும் உரைத்துவிடுதலே நேர்மை எனக் கருதுவாரும் உளர். 1862 இல் ருஷ்ய எழுத்தாளர் டோல்ஸ்டோய், திருமணத்திற்கு முன் தம் பழைய நாட்குறிப்புகளை மணப்பெண்ணான சோபியாவிடம் படிக்கக் கொடுத்தார். ஒளிவுமறைவின்மை அவர் நோக்கம். ஆனால், 18 வயதுப் பெண்ணுக்கு அஃது ஆறாப் புண்ணாயிற்று. பின்னாளில், 1910 இல், அவரே தமக்கு மட்டுமென ஓர் இரகசியக் குறிப்பை எழுதி மறைத்து வைக்க நேர்ந்தது. தன் பிழையைத் தான் அறிதல் ஒன்று. அதன் பாரத்தைப் பிறர் தோளில் இறக்குதல் வேறொன்று.

அங்ஙனமாயின் ஏட்டின் உண்மைக்குப் பிணை யாது? மீளப் படித்தலே பிணையாகும். விடுதி அறையில் நண்பனோடு பிணங்கிய மாணவன் ஒருவன், அன்றிரவு நண்பனின் கடுஞ்சொற்கள் அனைத்தையும் எழுதிவைக்கிறான் எனக் கொள்வோம். இரு மாதங்களின் பின் அப்பக்கத்தைப் புரட்டும்போது சினம் தணிந்திருக்கிறது. நண்பன் சொன்னவை வரிக்குவரி உள்ளன. தான் சொன்னது ஒன்றேனும் இல்லை. எழுதப்பட்டவற்றிலும் எழுதாது விடப்பட்டதே அவனுக்கு எதிராகச் சாட்சி கூறுகிறது. எழுதியவேளை தன்னை ஏமாற்றியவன், படிக்கும்வேளை அகப்பட்டுக்கொள்கிறான். பழைய பக்கத்தை அழிக்காது, விடுபட்டதை அதன் கீழே எழுதுவானாயின், அவ்வொரு வரியே ஒழுக்கத்தின் தொடக்கம். மறுநாள் நண்பனின் அறைக் கதவைத் தட்டும் துணிவும் அதிலிருந்தே பிறக்கும்.

இப்பழக்கத்தைத் தொடங்குதற்குப் பெரும் ஆயத்தம் வேண்டியதில்லை. துயிலச் செல்லுமுன் அரைப்பக்கம் போதும். நிகழ்ந்ததை முதலிலும் அதுபற்றிய எண்ணத்தை அதன் பின்னரும் எழுதுதல் நன்று. இன்றேல் எண்ணமே நிகழ்ச்சியின் இடத்தைக் கவர்ந்துவிடும். ஒருநாள் தவறின் மறுநாள் தொடரலாம். அழகிய நடை வேண்டுமென்ற ஆவலை அறவே விடல் வேண்டும். அழகு தேடும் பேனா விரைவிற் பிறர் முகம் பார்க்கத் தொடங்கும்.

உலகோரின் பிழைகளை எடைபோடும் அறிவைப் பல்கலைக்கழகங்கள் வளர்க்கின்றன. அவ்வறிவைத் தன்மீது திருப்பும் பயிற்சிக்குப் பாடநெறியுமில்லை, பரீட்சையுமில்லை. அதற்கு உள்ளவை ஓர் ஏடும், நாளின் இறுதியிற் சில நிமிடங்களும், சில மாதங்களின் பின் அதனை அஞ்சாது திறந்து பார்க்கும் மனமுமேயாம்.