அறுக்கும் உரிமை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் புல் முழங்காலளவு நிற்கும். கதிர் முற்றுமுன்னரே வெட்டும் இயந்திரம் வந்துவிடும். மண் தெரியுமட்டும் மழித்துவிட்டு, "இடம் சுத்தமாயிற்று" என்கிறோம். தூய்மையை ஈமானில் பாதியாகப் பயின்ற சமுதாயம் நாம். ஆயினும், புல் அழுக்குத்தானா என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அப்புல்லில் குடியிருப்போரைச் சற்று எண்ணுக. சில்லைகளுக்குப் புல்விதையே உணவு. கதிர்க்குருவி உயர்ந்த தண்டுகளுக்கிடையே கூடு பின்னுகிறது. வண்ணத்துப்பூச்சிகளுள் சில புல்தாளில் முட்டையிட, அவற்றின் புழுக்கள் அதனையே தின்று வளர்கின்றன. தும்பையும் மூக்கிரட்டையும் கீழாநெல்லியும் - நம் பாட்டிமார் மடிநிறையப் பறித்து வந்தவை - இவ்விடங்களிலேதான் முளைக்கின்றன. ஆனால், ஆள்காட்டிக்குருவிக்கோ வெட்டவெளி வேண்டும். அது வெறுந்தரையில் முட்டையிடும். மைனாவும் குட்டைப் புல்லில்தான் பூச்சி தேடும். ஆகவே, ஒருபோதும் வெட்டலாகாது என்பதும் நியாயமன்று.

மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஹரம் எல்லையில் முளைத்த பசும்புல்லை அறுக்கலாகாதென விலக்கினார்கள். அவர்களுடைய சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து, இத்கிர் என்னும் நறுமணப் புல்லுக்கு மட்டும் விலக்களிக்க வேண்டினார்கள். கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் அது தேவை என்றார்கள். விலக்கு அளிக்கப்பட்டது. இத்தடை ஹரமுக்கே உரியது. அம்பத்தூர்ப் பூங்காவுக்கு அதனைச் சட்டமாக்க எவருக்கும் அதிகாரமில்லை. எனினும், அந்த ஒழுங்கு சிந்திக்கத்தக்கது. அங்கே அறுக்க விரும்பியவர் எந்தப் புல், எதற்காக என்று காரணம் கூறினார். இங்கோ, புல்லை விட்டுவைக்கச் சொல்பவனே காரணம் கூற வேண்டியிருக்கிறது!

காரணங்கள் இல்லாமலில்லை. கண்ணாடி விரியனும் சுருட்டையும் திரியும் நாட்டில் பாம்புக்கு அஞ்சுவது பேதைமையன்று. சிறுவர் ஓடும் திடலிலும் நடைபாதையின் இருமருங்கிலும் புல்லைக் குட்டையாகவே வைத்தல் வேண்டும். உயிர் காத்தல் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் பூனாவில் கண்டறியப்பட்டு, நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்துக்கும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. அது தோலையும் மூச்சையும் வருத்துவது. பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு பிடுங்க வேண்டும்.

ஆனால், யாரும் நடவாத மூலையும் வேலியோரமும் கரைச்சரிவும் யாருடைய தேவைக்காக மழிக்கப்படுகின்றன? கண்ணுக்கு அழகு என்பது தவிர வேறு விடை எனக்குக் கிட்டவில்லை. முன்பு கருக்கரிவாளால் அறுத்த புல் மாட்டுக்குப் போயிற்று. இப்போது குப்பை வண்டிக்குப் போகிறது. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி நடைபாதையுடன் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்ட அதே 2019இல், பிரிட்டனில் ஓர் அமைப்பு மே மாதம் முழுதும் புல் வெட்ட வேண்டாமென இயக்கம் தொடங்கிற்று. நமக்கு மே பொருந்தாது. அப்போது இங்கே புல்லே காய்ந்து கிடக்கும். நாம் பொறுக்க வேண்டியது ஐப்பசி முதல் மாசி வரை, விதை உதிருமட்டும்.

பூங்கா நம் கையில் இல்லை, கபுருஸ்தான் இருக்கிறது. அங்கே பசும்புல் இறைவனைத் துதிக்கிறதென்று கூறி, அதனைப் பிடுங்குவதை மக்ரூஹ் என்றனர் ஹனஃபி சட்ட அறிஞர்கள். காய்ந்ததை அகற்றத் தடையில்லை. இவ்வாண்டுகளில் பராஅத் இரவு தை, மாசியை ஒட்டி வருகிறது. அதற்குமுன் ஜமாஅத்தார் ஆள் அமர்த்துகையில், நடக்கும் வழியை மட்டும் வெட்டி, மதிலோரத்தை விட்டுவிடச் சொல்லலாம். அதற்கு நகராட்சியின் அனுமதி வேண்டியதில்லை.