சட்டைப்பையில் ஒரு 8085

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் பலரிடம் 4100 என்று சொன்னால் போதும், மைக்ரோபிராசசர் லேப் நினைவுக்கு வந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் 8085 மைக்ரோபிராசசர் கிட்டுகள் பலவற்றிலும் புரோகிராம் தொடங்கும் முகவரி அதுதான். 06 05 16 03 78 82 32 00 45 76 என்று தட்டி ஓடவிட்டால் 4500 என்ற முகவரியில் 08 வந்து நிற்கும். ஐந்தும் மூன்றும் எட்டு, கணக்கு சின்னதுதான். ஆனால் எந்த பைட் எங்கே இருக்கிறது, எது எதை நகர்த்துகிறது என்பது முழுக்கத் தெரிந்து செய்த கணக்கு. இன்றைய கைப்பேசி அந்தத் தெளிவைத் தருவதில்லை.

பெட்டி அளவிலான அந்தக் கிட்டைப் பழைய சிப்புகளை வைத்தே சட்டைப்பைக்குள் அடக்க முடியும்.

1976-இல் இன்டெல் வெளியிட்ட 8085-க்கு 5 வோல்ட் மட்டும் போதும்; முந்தைய 8080 மூன்று வகை மின்னழுத்தம் கேட்டது. 40 கால்களுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்ததால், முகவரியின் கீழ் எட்டு பிட்டும் தரவும் ஒரே எட்டுக் கால்களில் மாறி மாறி வருகின்றன. முகவரி வரும் நேரத்தில் ஏ.எல்.இ. என்ற கால் உயரும். அப்போது முகவரியைப் பிடித்துவைக்க 74எல்எஸ்373 என்ற லாட்ச் தனியாக வேண்டும். இடத்தை அடைப்பது இதுவும் இதைச் சுற்றிய வயர்களும்தான்.

8155, 8755 என்ற துணைச் சிப்புகள் அந்த லாட்சைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. முதலாவதில் 256 பைட் ராம், 22 போர்ட் கால்கள், டைமர். அடுத்ததில் 2048 பைட் ஈப்ராம். 8085-உடன் சேர்த்து மூன்றே சிப்பில் முழுக் கணினி! ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலம். பேட்டரியில் ஓட்டுவதானால் மின்சாரம் குறைவாக இழுக்கும் 80சி85 நல்லது. 1997-இல் செவ்வாயில் ஊர்ந்த சோஜர்னர் வண்டியின் மூளையும் அதுவே.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சிப் வாங்கினால், மேற்பரப்பைத் தேய்த்து மறுபடி பெயர் அச்சிட்டதா என்று பாருங்கள். 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பொருத்தி மின்சாரம் கொடுத்தால் 8085-இன் 37-ஆம் காலில் 3 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். ஹோல்டு, டிராப் கால்களைக் கிரவுண்டிலும், ரெடி காலை 5 வோல்ட்டிலும் கட்டுங்கள். சும்மா விட்டால் சிப் கண்டபடி அலையும்.

கல்லூரி லேப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கிட்டைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், சாக்கெட்டில் இருக்கும் 8085-ஐயும் 8155-ஐயும் கழற்றி மாணவர்கள் கையில் கொடுங்கள்.