இரவல் காடி

இரவல் வாங்கிய பொருளை எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும்? கழுவி, எண்ணெய் நிரப்பிக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்றுதான் போன வருஷம் வரை நினைத்திருந்தேன்.

நான் ஓட்டப் பழகியது அப்பாவின் பழைய கஞ்சிலில். 660 சிசி, மூன்றே சிலிண்டர். எங்கள் காடியில் சுழற்சி மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். மேட்டில் நின்று கிளம்ப வேண்டுமென்றால் எண்ணெயை நல்லா மிதித்து, இன்ஜின் கத்தும்போது கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் நின்றுவிடும். கியர் மாற்றுவதும் அப்படித்தான், கத்த விட்டுத்தான் அடுத்தது. நாலு வருஷத்தில் காலுக்கு அது பாடமாகிவிட்டது. "மேனுவல்தானே, எதக் கொடுத்தாலும் ஓட்டுவேன்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வேன்.

போன வருஷ முகாமுக்கு நாற்காலி, சமையல் பாத்திரமெல்லாம் ஏற்றிப் போக மாமாவின் டீசல் பிக்அப்பைக் கேட்டு வாங்கினேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. வளைவுக்கு மேல் வளைவு. நின்று கிளம்பிய ஒவ்வொரு இடத்திலும் கஞ்சிலில் செய்ததையே செய்தேன். இந்த மாதிரி டீசல் இன்ஜினுக்கு இழுவை கீழேயே இருக்கிறது. 2,000 சுழற்சிக்குப் பக்கத்திலேயே நல்ல பலம் வந்துவிடும், அதிகம் கத்த விடத் தேவையில்லை. நானோ 3,000-க்கு ஏற்றி, பாதிக் கிளட்சில் பிடித்துக்கொண்டிருந்தேன். ரிங்லெட் போய்ச் சேருமுன் ஒரு கருகல் வாடை. "முன்னால போற லாரி" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் அந்த செமஸ்டரில் கிளட்ச் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். இன்ஜின் பக்கமும் கியர் பக்கமும் சுழலும் வேகத்தில் வித்தியாசம் கூடக்கூட, வழுக்கும் நேரம் நீளநீள, தட்டில் சூடு ஏறும். எழுதத் தெரிந்தது. இடது காலுக்குத் தெரியவில்லை.

கழுவித்தான் கொடுத்தேன். எண்ணெயும் நிரப்பினேன். இரண்டு மாதம் கழித்து அத்தை பேச்சுவாக்கில் சொன்னார்: கிளட்ச் தட்டு மாற்றியாயிற்றாம், ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவாம். மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீ வேணும்னா செஞ்ச? மனசு சுத்தமா இருந்தா தப்பில்ல லா," என்றான் கூட்டாளி. அந்த வாடை மட்டும் வராமல் இருந்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். தெரியாமல் செய்தது ஒன்று. தெரிய வந்தபோது கண்ணாடியை ஏற்றியது வேறொன்று. தட்டு ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம், உண்மைதான். அதில் என் ஒரு நாள் பங்கு எவ்வளவு என்று எந்தச் சூத்திரத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தவிர, எதையும் ஓட்டுவேன் என்ற பீற்றலில், வண்டிதான் எனக்குப் பழக வேண்டும் என்ற எண்ணம் ஒளிந்திருந்தது. அடுத்தவர் வண்டியிடம் அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

முந்நூறு வெள்ளியோடு மாமா வீட்டுக்குப் போய் வாடை விஷயத்தையும் சொன்னேன். பணத்தை வாங்கவில்லை. "வண்டி பழசுடா," என்றார். சற்று நேரம் கழித்து, "வாடை வந்தப்பவே போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வருஷ முகாமுக்கும் அதே பிக்அப்தான். சாவியை வாங்கும் முன், "மாமா, இதுக்கு கால் எப்படி வைக்கணும்?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.