வேட்கையும் இறைபணியும்

உயிர்க்கு இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் என்றும் உள்ளன என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆதலின் யாதானும் ஒன்றனை விழையாது வாழ்வார் எவருமிலர். பொருளை விழைவார் ஒருசாரார். புகழை விழைவார் ஒருசாரார். கல்வியையும் அறத்தையும் விழைவார் மற்றொருசாரார். உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. யான், எனது என்னுஞ் செருக்கைச் சார்ந்த விழைவு அவா எனப்படும்; இறைவனைச் சார்ந்த விழைவு அன்பு எனப்படும். இரண்டும் உறக்கத்தைக் கெடுக்கும், உடலை வருத்தும், பிறிதொன்றை நினையவொட்டா. ஆகலிற் புறத்தே நோக்குவார்க்கு இவற்றைப் பிரித்தறிதல் அரிது. அறிதற்கு உரைகல் யாதென ஆராய்வாம்.

திருவாரூரில் அவதரித்த தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்தருளினார். திருக்கோயிலின் மேற்றிசைக் குளம் இடங்குறைந்தமை அறிந்த அடிகள், அதனைக் கல்லுதல் தம் பணியெனத் துணிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு இடையே கயிறு கட்டினார். அதனைத் தடவி இறங்கி மண்ணைக் கல்லிக் கூடையிற் சுமந்து, அதனைத் தடவியே ஏறிக் கொட்டினார். எத்துணை முடிந்தது, எத்துணை எஞ்சியது எனக் கண்டு மகிழ்தற்கு அவர்க்கு இயலாது. ஒரு கூடை மண், பின்னும் ஒரு கூடை மண். இதுவே அவர் அறிந்த அளவு. தடுத்து இகழ்ந்தோர் கயிற்றையும் தறியையும் பறித்தபொழுதும் அவர் முறையிட்ட இடம் இறைவன் திருமுன்பே. பின்னர் அக்குளத்தில் மூழ்கி எழுந்து கண் பெற்றார். ஆயினும் கண் பெறுதற்பொருட்டு அவர் பணி தொடங்கிற்றிலர் என்பது நாம் உளங்கொளற்பாலது.

திருப்புகலூரில் அப்பர் சுவாமிகள் உழவாரப்பணி செய்துழிப் பொன்னும் நவமணியும் நிலத்தில் விளங்கிக் கிடந்தன. சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவெண்ணி உழவாரத்தால் ஏந்தி வாவியில் எறிந்தார். பொன்னை வெறுத்தார் எனலும் முற்றும் பொருந்தாது. வெறுத்தற்கும் அதனைச் சிறிது மதித்தல் வேண்டுமன்றே. அவர் உள்ளம் பணியின்கண்ணே நின்றது.

இவ்விரு வரலாற்றானும் உரைகல் இன்னதென விளங்கும். பயனும் புகழும் காணாதவழித் தளராதது அன்பு. அவை தாமே வந்தவழித் திசை மாறாததும் அன்பு. நாம் தொடங்கிய பணி பிறர் கையால் நிறைவெய்தக் கண்டுழி நம் உள்ளம் மகிழுமாயின், அப்பணி இறைவனுடையது. வாடுமாயின், அதனை நமதாக்கிக் கொண்டோம் என்க.

நூலாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இவ்வுரைகல் பெரிதும் வேண்டப்படும். மெய்ப்பொருளை நாட்டுதற்கெனத் தொடங்குஞ் சொற்போர், தம் கோளை நாட்டுதலாய் முடிதல் உண்டு. மாறுபட்டார் ஒருவர் ஒரு சூத்திரத்திற்கு நம்மினும் செவ்விய பொருள் கூறுங்கால், அதனை உவந்து ஏற்கின்றோமா? சித்தாந்தத்தின்மேற் கொண்ட பற்றே ஆணவத்திற்கு உணவாய்விடின், கற்றதனால் ஆய பயன் என்னை?

அற்றேல், வேட்கை முழுவதும் ஒழிதற்பாலதோ எனின், அற்றன்று. இச்சை உயிரின் இயல்பாகலின் அஃது அழியாது. முத்தியிலும் சிவானந்தத்தை நுகர்தற்கண் விளங்கி நிற்கும். சார்பு மாறுதலே வேண்டுவது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 10-ஆம் சூத்திரத்தில், இறைவனோடு ஒன்றி இறைபணியில் நிற்றலையே பாசநீக்கத்திற்கு நெறியாக வைத்தருளினார். தன் செயலென ஒன்றின்றி அவன் அருளால் அல்லது ஒன்றையுஞ் செய்யாது நிற்குமிடத்து, வேட்கை தன் வெம்மை நீங்கித் தொண்டாகக் கனியும்.

அன்பர்களே! அந்நிலை ஒரு நாளிற் கைகூடுவதன்று. திருநீறு அணிதல், அஞ்செழுத்து ஓதல், திருவலகிடல், திருமுறை பயிறல் ஆகிய நாட்கடன்களே நமக்கு வாய்த்த கயிறு. முடிவு தெரியாவிடினும் அதனைக் கைவிடாது பற்றி, இன்றைக்குரிய ஒரு கூடை மண்ணைச் சுமப்போமாக. குளம் நிறைதல் திருவருளின்பாற்பட்டது.

திருச்சிற்றம்பலம்.