மொய்யேட்டில் எழுதப்படாதது

தமிழர் திருமணங்களில் மண்டபத்தின் வாயிலருகே ஒரு சிறு மேசை போடப்பட்டிருப்பதைக் காணலாம். அங்கே ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார். மற்றொருவர் பெயரையும் ஊரையும் தொகையையும் மொய்யேட்டில் எழுதுவார். ஆண்டுகள் சில கழிந்தபின், அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தே இன்னார் வீட்டு விழாவிற்கு இவ்வளவு கொண்டு செல்வது என்று முடிவு செய்யப்படும். இதில் இழிவு ஏதுமில்லை. திருமணச் செலவின் சுமையை ஒரு குடும்பம் தனித்துத் தாங்காமல் உறவும் ஊரும் தோள் கொடுக்கும் ஏற்பாடு அது.

அந்த மேசையின்முன் ஒரு மூதாட்டி வந்து நிற்கிறார் என்று கொள்வோம். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிறு பொதி. உள்ளே இரண்டு தலையணை உறைகள்; ஓரங்களில் சங்கிலித் தையலால் ஓடிய கொடியும் பூவும். ஏடு எழுதுபவரின் கை இப்போது தயங்குகிறது. எதை எழுதுவது? துணியின் விலையையா, நூலின் விலையையா, கண் பார்வை மங்கிய ஒருவர் ஊசியில் நூல் கோத்த இரவுகளையா? பெரும்பாலும் ஒன்றும் எழுதாமல் பொதியை உள்ளே அனுப்பிவிடுவார். கணக்கில் அடங்காத இந்தப் பொருள், கணக்கைக் கடந்த அன்பா? அன்றி, அளவு தெரியாத காரணத்தால் என்றுமே தீர்க்க முடியாத கடனா? எளிய கேள்விபோல் தோன்றினும், தைத்துக் கொடுக்கும் ஒவ்வொருவரையும் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரையும் இது பற்றி நிற்கிறது.

வள்ளுவரைக் கேட்டால் விடை சற்றுக் கடுமையாகவே வரும். இல்லாதவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை; ஏனைய கொடைகள், அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி அதே படியால் திருப்பி அளப்பதை ஒத்தவை என்பது ஈகை அதிகாரத்தின் முதற் குறள் தரும் கருத்து. அண்ணன் மகளுக்குத் தைத்த பாவாடையும் தோழிக்குத் தைத்த கைப்பையும் இந்த அளவையின்படி ஈகை ஆகா. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வும் வேறொரு வழியாக இதே இடத்திற்கு வந்து சேர்கிறது. பசிபிக் தீவு மக்கள் முதலியோரின் வழக்கங்களை ஆராய்ந்த அவர், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளாகவே பின்னிக் கிடப்பதைக் காட்டினார். மோஸுக்கு முன்னரே அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன், 1844இல் வெளிவந்த தம் கட்டுரையில், தன்னில் ஒரு பகுதியைத் தருவதே உண்மையான பரிசு என்று கருதி, தானே தைத்த கைக்குட்டையைத் தரும் பெண்ணையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அவரும், பெறுபவரின் உள்ளத்தில் கொடுத்தவர்மீது ஒரு சிறு கசப்பு எஞ்சுவதை மறைக்கவில்லை.

கையால் செய்தது என்பதே அதன் சிறப்பு என்று கூறிவிடுவது எளிது. அந்த விடையைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் வீட்டில் தைப்பது சிக்கனம். சிங்கர் நிறுவனத்தின் தையல் இயந்திரம் தவணை முறையில் மலாயா வீடுகளுக்கும் வந்தது. தாயின் பழஞ்சேலை மகளின் பாவாடையாயிற்று; எஞ்சியது தம்பியின் சட்டைப் பையாயிற்று. அதை எவரும் பரிசு என்று சொல்லவில்லை; சோறு ஆக்குவதுபோல் அதுவும் ஒரு வேலை. இன்று நிலை தலைகீழாகிவிட்டது. பேரங்காடியில் தொங்கும் தைத்த சட்டை, பல வேளைகளில் கடையில் வெட்டி வாங்கும் வெறுந்துணியைவிட மலிவாகக் கிடைக்கிறது. தைப்பவருக்குச் சிக்கனம் என்ற சாக்கு இனி இல்லை.

அந்த மலிவான சட்டையும் கையால் தைக்கப்பட்டதே. துணியை ஊசியின்கீழ் நெறிப்படுத்தித் தள்ள இன்றளவும் ஒரு மனிதக் கை பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத்தின் சாவர் நகரில், ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்பு கண்டிருந்தும் தொழிலாளர் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். தொலைநாடுகளின் அலமாரிகளில் மடிந்து கிடந்த ஆடைகளில் அவர்களுடைய உழைப்பும் இருந்தது. விரல் வலியும் இருந்தது. ஒருவேளை ஒரு சொட்டுக் குருதியும் இருந்திருக்கும். ஆயினும் அவற்றைப் பரிசு என்று எவரும் கருதவில்லை. ஆகவே உழைப்பு மட்டும் ஒரு தையலைப் பரிசாக்கிவிடாது. சாவரில் தைத்தவருக்கு அணிபவர் யாரென்று தெரியாது. அணிபவருக்குத் தைத்தவர் யாரென்று தெரியாது. வீட்டில் தைப்பவருக்கோ, அணியப் போகிறவரின் தோள் ஒன்று சற்றே சாய்ந்திருப்பது தெரியும். அந்த அறிவுதான் துணியோடு சேர்த்துத் தைக்கப்படுகிறது.

இந்த அறிவு எத்துணை அரியது என்பதைச் சிங்கப்பூரின் வரலாறே காட்டும். 1942 பிப்ரவரி 15இல் நகரம் சப்பானியரிடம் வீழ்ந்தது. மறுமாதம் ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 1936இல் ஏறத்தாழ 600 கைதிகளுக்கெனத் திறக்கப்பட்ட அந்தச் சிறையில் 2,000க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் தனிப் பகுதியில் இருந்தனர்; கணவரும் தந்தையரும் சுவருக்கு அப்பால். அங்கே எலிசபெத் என்னிஸ் என்ற செவிலியர், சிறுமியரைச் சேர்த்து ஒரு சாரணியர் குழு நடத்திவந்தார். அவருடைய பிறந்தநாள் வருவதைச் சிறுமியர் எப்படியோ அறிந்துகொண்டனர்.

பரிசு வாங்கக் கடை ஏது? காசு ஏது? பழைய ஆடைகளின் கிழிசல்களை அறுகோணத் துண்டுகளாக வெட்டினர். நூல் கிடைக்காததால் பழந்துணியிலிருந்தே இழை உருவினர். காவலர் கண்ணில் படாமல் மறைத்து மறைத்துத் தைத்தனர். துண்டுகளின் நடுவே தத்தம் பெயரையும் ஊசியால் எழுதினர். போர்வை முழுமை அடையவில்லை. அடையாத அந்தப் போர்வையே இன்று இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைக் கண்டு எழுந்த எண்ணத்தால்தான் சிறையிலிருந்த பெண்கள் மூன்று பெரிய போர்வைகளைத் தைத்தனர் என்பர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் கைவேலை. காயமுற்ற வீரர்க்கென அவை மருத்துவமனைக்குச் சென்றன. ஆனால் சதுரத்தில் தைத்த பெயரைக் காணும் கணவனுக்கு, அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தியும் உடன் சென்றது. அதே ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தோட்டத் தமிழர் பல்லாயிரவரின் பெயர்கள் முழுமையாக எந்த ஏட்டிலும் இல்லை என்பதை எண்ணும்போது, ஒரு சாண் துணியில் ஒரு பெயர் என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று விளங்கும்.

சாரணியரின் போர்வையால் பயன் பெற்றவர் யார்? பெற்றுக்கொண்ட என்னிஸ் மட்டுமல்லர். பசியும் அச்சமும் சூழ்ந்த நாட்களில், இன்னொருவரின் மகிழ்ச்சியை முன்கூட்டி நினைத்துக்கொண்டிருக்க அந்தச் சிறுமியர்க்கு ஒரு காரணம் கிடைத்தது. தைக்கும்போதே அவர்கள் தம் கூலியைப் பெற்றுவிட்டனர். கடன் என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே ஒளிந்திருக்கிறது. தைத்த நேரத்திலேயே நிறைவு கண்டவர், கொடுத்தபின் வசூலிக்க வரமாட்டார்.

வசூலிக்க வருபவர்கள் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. கைத்திறன் மிக்க சிலர், பெறுபவரை நினைத்துத் தைப்பதில்லை. தம் திறமையை நினைத்தே தைக்கிறார்கள். மரம் ஏறி விளையாடும் சிறுமிக்கு மூன்றடுக்குச் சுருக்குக் கவுன் வந்து சேரும். ஓரறை வீட்டில் குடியிருக்கும் நண்பருக்கு ஆறு பூவேலை மெத்தைகள் வந்து சேரும். அடுத்த முறை சந்திக்கும்போது, "ஏன் உடுத்தவில்லை?" என்ற கேள்வி தவறாமல் எழும். பெற்றவர் ஒரு பொய் சொல்வார். தைத்தவர் அதைப் பொய் என்று அறிந்தும் ஏற்றுக்கொள்வார். ஓர் அன்புப் பொருள் இருவரையும் பொய்யராக்குகிறது. இரந்தவரின் இன்முகம் காணும் வரையில் ஈபவரின் நிலையும் துன்பமே என்று வள்ளுவர் வேறொரு குறளில் உணர்த்துகிறார். அருளால் தவிக்கும் தவிப்பு அது. பாராட்டுக்காகத் தவிப்பவர் தம்முடையதையும் அதுவென்று எண்ணிக்கொள்வது எளிது. உள்ளே புகுந்து பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது.

இங்கே காந்தியடிகளின் பரிசு ஒன்றை நினைவுகூரலாம். 1947 நவம்பர் 20இல் எலிசபெத் இளவரசிக்குத் திருமணம். உடைமை ஏதுமில்லாத காந்தியார், மவுண்ட்பேட்டனின் யோசனைப்படி, தாமே நூற்ற நூலால் பின்னிய சிறு துணி ஒன்றை அனுப்பினார். அதன் நடுவில் ஜெய்ஹிந்த் என்ற சொற்கள் இருந்தன. மணமகளின் பாட்டியார் மேரி அரசியார் அதைக் காந்தியாரின் இடைத்துணி என்று எண்ணி முகம் சுளித்தாராம். பரிசுகளின் குவியலில் இதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பொருள் இருந்திருக்காது. காந்தியார் 1948 சனவரி 30இல் மறைந்தார். மணமகளோ அந்தத் துணியை எறிந்துவிடவில்லை. 2022இல் அரசியார் மறைந்தபோது, தம்மைச் சந்தித்த வேளையில் அவர் அதை எடுத்துக் காட்டினார் என்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி குறிப்பிட்டார். அவர் அதைக் கைக்குட்டை என்றார். ஒருவருக்கு இடைத்துணி, மற்றொருவருக்குக் கைக்குட்டை. அனுப்பியவரின் கையை விட்டு அகன்றபின் ஒரு துணி என்னவாக வேண்டும் என்பது பெற்றவர் கையில்தான் இருக்கிறது.

அருங்காட்சியகத்தையும் அரண்மனையையும் அடையும் துணிகள் மிகச் சில. பலமுறை துவைத்து மென்மையேறிய பழஞ்சேலையில், பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குச் சிறு சட்டை தைக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். குழந்தையின் தோலில் உரசக் கூடாதென்று தையல் மடிப்பை வெளிப்புறம் வைப்பார்கள்; பித்தானை விழுங்கிவிடுமென்று நாடா வைப்பார்கள். அந்தச் சட்டை மூன்று திங்களுக்குமேல் உதவாது என்பது தைக்கும்போதே அவர்களுக்குத் தெரியும். அக்காள் அணிந்ததைத் தம்பி அணிவான். பிறகு அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். கடைசியில் விளக்குத் துடைக்கும் துணியாகிச் சமையலறை ஆணியில் தொங்கும். பாட்டி அதைக் காண்பார். கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குழந்தை எந்த மாதம் என்று மருமகளைக் கேட்பார்.