அழுக்கை எங்கே எறிவது?

நமது தேகத்தில் கைமுஷ்டி அளவே உள்ள இரு சிறுநீரகங்கள் இராப்பகலாய்ச் செய்துவரும் ஊழியத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை இரத்தத்தினின்றும் வடித்தெடுக்கின்றன. பின்னர் சர்க்கரையை முற்றாகவும், நீரையும் உப்பையும் தேவைக்கேற்பவும் இரத்தத்துக்கே திருப்பித் தந்துவிட்டு, கழிவுடன் ஒன்றரை லிட்டர் அளவே வெளியே அனுப்புகின்றன. இந்த வேலை நின்றால் மனிதனுக்கு அவனது சொந்தக் கழிவே நஞ்சாகிவிடும்.

தேகத்துக்கு 'வெளி' என்று ஓர் இடம் உண்டு. ஊருக்கு அப்படி ஓர் இடம் உண்டா?

2019 மார்ச்சில் நமது ஜொகூரைச் சேர்ந்த பாசிர் கூடாங்கில், இரசாயனக் கழிவு கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்டது. கொட்டியவர்கள் ஆற்றை 'வெளி' என்றே எண்ணினர் போலும்! நச்சாவி பள்ளிக்கூடங்களுள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. இவ்வாறு எறிவது சட்டத்தின் கண்ணுக்குத் தப்பலாம். பிறர் இரத்தத்தில் கலவாமல் போகுமா?

கெலாங் பாத்தாவாசிகளாகிய நமக்கருகிலும் பூலாய் ஆறு ஓடுகிறது. 2003-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற அதன் சதுப்புக் காடுகள், வண்டலை வடிகட்டி, மீனுக்கும் இறாலுக்கும் தொட்டிலாய் நிற்கின்றன. ஆயினும் அவற்றின் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு வாரம் மும்முறை இரத்தத்தைச் சுத்திகரிக்க இயந்திரம் இருக்கிறது. ஆற்றுக்கு அத்தகைய இயந்திரம் ஏது?

ஆகவே, பழைய எண்ணெயையோ பிளாஸ்டிக்கையோ கால்வாயில் எறிய நம் கை ஓங்கும்போதெல்லாம், "இது யாருடைய வாசலில் போய்ச் சேரும்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.