முன்னது எது, உயர்ந்தது எது?

1872 டிசம்பர் 3-ஆம் நாள் இலண்டனில் விவிலியத் தொல்லியல் கழகத்தின் அவையில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு கட்டுரை படித்தார். பிரதமர் கிளாட்ஸ்டனும் அவ்வவையில் வீற்றிருந்தார். நினிவே நகரில் அசூர்பனிபால் மன்னனின் நூலகத்தினின்றும் கிடைத்த களிமண் பலகையில், ஊழிவெள்ளக் கதை ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது என்று அவர் அறிவித்தார். மரக்கலம் மலைமேல் தங்கியதும், பறவைகளை விடுத்து நிலம் தேடியதும் நோவாவின் வரலாற்றை அப்படியே ஒத்திருந்தன.

ஸ்மித் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். பணத்தாள் அச்சுக்குச் செதுக்குவேலை பயின்ற தொழிலாளி. நண்பகல் இடைவேளைதோறும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சென்று தாமே கற்றவர். இடைவேளையை அரட்டையிலும் தேநீரிலும் கழிக்கும் எழுத்தர்களாகிய நாம் இவரை எண்ணிச் சற்றே நாணலாம். 1876-இல், முப்பத்தாறு வயதில், ஆய்வுப் பயணத்தின்போதே அலெப்போவில் மறைந்தார்.

அப்பலகை கண்டு, மறைநூல் மெய்ப்பிக்கப்பட்டது என மகிழ்ந்தார் ஒரு சாரார். மறைநூல் படியெடுத்தது என எள்ளினார் மற்றொரு சாரார். முதலில் சொன்னவர்க்கே பெருமை என்னும் எண்ணம் இரு சாரார்க்கும் பொது. தொன்மை பேசுவதில் நாமும் எவர்க்கும் இளைத்தவர் அல்லோம். ஆதலின் இவ்வினா நமக்கும் உரியதே. மூத்தது என்பதனால் ஒன்று உயர்ந்ததாகுமா?

2014-இல் இர்விங் ஃபிங்கல் என்னும் அறிஞர் இன்னும் பழைய பலகை ஒன்றை நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ 3,700 ஆண்டுகட்கு முற்பட்ட அதில் கலம் வட்டவடிவினது. கயிறு திரித்து, நிலக்கீல் பூசிச் செய்வது. ஒகேனக்கல் பரிசலைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வடிவம் கிடக்கட்டும், வெள்ளம் ஏன் வந்தது என்பதன்றோ அறவினா? பாபிலோனிய அத்ரஹாசிஸ் காவியத்தில், மாந்தர் எழுப்பிய இரைச்சல் என்லில் என்னும் தெய்வத்தின் உறக்கத்தைக் கெடுத்தது, அதனால் வெள்ளம். விவிலியத்திலோ மாந்தரின் கொடுமையே காரணம். கதை பழையது, அதற்குள் புகுத்திய அறம் புதியது. இரவல் வாங்கியவர் வெறும் படியெடுப்பாளர் அல்லர் என்று கொள்ள இதுவே போதும்.

எனினும் பின்னதே எவ்வகையானும் உயர்ந்தது என்றும் நாம் துணிதல் இயலாது. கில்காமேஷ் காவியத்தின் பதினோராம் பலகையில் ஏயா என்னும் தெய்வம் என்லிலைக் கடிந்துரைக்கிறது: குற்றம் செய்தவன்மேல் அன்றோ குற்றத்தைச் சுமத்த வேண்டும்? ஆராயாது எல்லாரையும் வெள்ளத்தில் அழித்தது எங்ஙனம் தகும்? நோவாவின் வரலாற்றில் இவ்வாறு கேட்பார் எவருமிலர்.

என்லில் அதற்கு மறுமொழி கூறவில்லை. மரக்கலத்தினுள் ஏறி, பிழைத்திருந்தவனது கையைப் பற்றி, அவனையும் அவன் மனைவியையும் வாழ்த்துகின்றான்.